கடைசி ரீலில் அத்தை

அன்று காலையில் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை.

மாமனார் இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகன் விடிவதற்கு முன்பே ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் அப்பாவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு தியேட்டருக்கு ஓடியிருந்தான். மருமகள் கண்ணாடி முன்னால் நின்று வாரிய தலையையே திரும்ப வாரிக்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் குளித்து முடித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கும் படித்துவிட்டு மறந்தவர்களுக்கும் இரண்டே வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டே வார்த்தை என்று ஆரம்பித்து நான் நீட்டி முழக்குவது உங்களுக்குப் பழகிப்போனதுதானே.

இன்று மகன் இயக்கிய படம் வெளியாகிறது. கடலுக்குள்ளிருந்து எழுந்து வந்து துறைமுகத்தைத் துவம்சம் செய்யும் ராட்சச மிருகத்தின் கதை. அந்தக் காலத்தில் 'ஆழியரக்கன்' என்று வந்து சக்கைப்போடு போட்டதே, அதேதான். அப்போது ஓர் ஆள் ரப்பர் உடுப்புக்குள் புகுந்துகொண்டு அட்டைக் கட்டடங்களை மிதித்தார். முதுகில் ஜிப் பளிச்சென்று தெரியும். தெரிந்தும் ஊரே நடுங்கியது.

அதைத்தான் மகன் புதிதாக எடுத்திருக்கிறான். எடுத்தவன் சும்மா இருந்தானா? மிருகத்தைக் குட்டி ஈன்ற தாயாக்கி, 'ஆழியரக்கி' என்று பெயரும் வைத்துவிட்டான். பழைய படத்தின் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். மாதக்கணக்காக அவனையும் அவன் பரம்பரையையும் போனில் கரித்துக் கொட்டுகிறார்கள்.

படத்தின் ஒலி முழுவதும் மருமகள் பொறுப்பு. சினிமாக்காரர்கள் அவளைச் 'சத்தக்காரி' என்பார்கள். கதவு கிறீச்சிடுவதிலிருந்து கட்டடம் சரிவது வரை படத்தில் கேட்பதெல்லாம் அவள் கைவேலை.

வீட்டில் சத்தக்காரி என்றால் அது அவள் மாமியார், நம் அத்தைதான். ஆயுசு முழுக்க நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருந்தவர். அவர் கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அதை அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை. இந்தக் கரையில் நின்று ஓர் அதட்டல் போட்டால் அந்தக் கரையில் மூழ்கியிருப்பவன்கூட மேலே வந்துவிடுவான். அப்பேர்ப்பட்ட தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை ஆகி, கட்டியோடு குரலும் போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது காகிதம் உரசுகிற மாதிரி ஒரு முனகல். பெரிய குரல் இனி திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குளத்துப் பக்கம் போவதையே அத்தை நிறுத்திவிட்டார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வந்தாரே, வந்தவர் நலம் விசாரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. "இப்போ வீடு நிம்மதியா இருக்குமே" என்றார். மாமனார் சிரித்துத் தொலைத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், மருமகளுக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அத்தை பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து அத்தைக்கு இருந்த முனகலும் நின்றுபோனது. எல்லாம் கைதட்டல்தான். ஒரு தட்டு தட்டினால் வா, இரண்டு தட்டினால் போ. மன்னிப்புக் கேட்கலாம் என்று மருமகள் போய் நின்ற போதெல்லாம் இரண்டு தட்டுதான் விழுந்தது. என் குரல் போனதில் இவர்களுக்கெல்லாம் உள்ளூரச் சந்தோஷம் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது, சிரித்த சிரிப்பைத் திரும்ப வாங்க முடியுமா?

இருந்தும் மகனின் படம் என்பதால் முதல் காட்சிக்கு வரச் சம்மதித்திருந்தார். மாமனாரின் சட்டையிலிருந்து லேசாகப் புகை வந்த பிறகுதான் கிளம்பினார்கள்.

தியேட்டர் நிறைந்து வழிந்தது. பாதிப்பேர் பழைய அரக்கன் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, திட்டுவதற்கென்றே வந்திருந்தார்கள். ஆறாவது வரிசையில் அத்தை நடுவில், மாமனார் ஒரு பக்கம், மருமகள் மறு பக்கம். இயக்குநர் உள்ளே வரவில்லை. தன் படத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கும் தெம்பு அவனுக்குக் கிடையாது. வெளியே கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பான்.

முதல் பாதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அரக்கி கடலிலிருந்து தலை தூக்கிய போது நாலு பேர் கைதட்டினார்கள், நாற்பது பேர் ஊளையிட்டார்கள். அவள் முதல் தடவை உறுமியதும் பின் வரிசைப் பனியன்காரர் ஒருவர், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜே இதைவிட நன்றாக உறுமும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். மருமகளுக்குச் சுருக்கென்றது. யானை, சிங்கம், கப்பல் சங்கு, உடையும் பனிப்பாறை என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மாதக்கணக்கில் முதுகு ஒடிய உழைத்துச் செய்த உறுமல் அது.

இடைவேளையில் மாமனார் அவளுக்குச் சோளப்பொரி வாங்கிக்கொடுத்து, படம் பிரமாதம், நான்கூட ஒரே ஒரு தடவைதான் தூங்கினேன் என்று ஆறுதல் சொன்னார்.

அப்புறம் கடைசி ரீல் வந்தது.

அரக்கியின் குட்டி துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. சுற்றிலும் பீரங்கிகள். குட்டிக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பாட்டுக்கு ஒரு மிதவையை முட்டி விளையாடுகிறது. தூரத்தில் தண்ணீர் பிளந்து அரக்கி எழுகிறாள். குட்டியைப் பார்க்கிறாள். பீரங்கியைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

அந்தச் சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, மேலே ஏறி, உச்சியில் ஓர் இடத்தில் லேசாக உடைந்து, உடைந்த பிறகும் விடாமல் நீண்டது. நாற்காலிகள் அதிர்ந்தன. மருமகளின் மடியில் இருந்த சோளப்பொரி தரையில் கொட்டியது.

அது யானையும் இல்லை, சிங்கமும் இல்லை.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மாமனார் எழுந்து நின்றுவிட்டார்.

இருட்டில் இரண்டு பக்கமும் பார்த்து விழித்தார். பின்னாலிருந்து, உட்காருங்க பெரியவரே, மறைக்குது என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய கால்கள், அவர் என்ன செய்வார் பாவம். அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மருமகள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அத்தையின் கண் திரையில் இருந்தது. இன்னொரு கை தொண்டைக் குழியில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் மட்டும்தான் நடக்கும்.

படம் தயாராகும் காலத்தில் அசல் உறுமல் வந்து சேரும் வரை, அந்தந்த இடத்தில் கைக்குக் கிடைத்த ஏதாவது ஒரு சத்தத்தைப் போட்டு வைப்பார்கள். 'டம்மி' என்பார்கள். லாரி ஹாரன், மாவரைக்கும் மெஷின், எது வேண்டுமானாலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் டம்மி என்றே பெயர் கொடுத்துவிட்டால், கடைசியில் ஒரே ஒரு கட்டளையில் டம்மி எல்லாம் போய் அந்த இடங்களில் அசல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி ரீலுக்கு மட்டும் சத்தக்காரி தன்னிடமிருந்த அத்தையின் பழைய கூப்பாடு ஒன்றை எடுத்து, நான்கு மடங்கு மெதுவாக்கிப் போட்டு வைத்திருந்தாள். போட்டவளுக்கு, மாமியார் குரலுக்கு டம்மி என்று பெயர் வைக்கக் கை வரவில்லை. 'அத்தை' என்று எழுதினாள். கட்டளை கொடுத்த அன்று, கடைசி ரீலைத் திரும்பக் கேட்டுப் பார்க்கவும் நேரமில்லாத அவசரத்தில், டம்மிகள் எல்லாம் மரியாதையாக வெளியேறின. அத்தை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மருமகள் குனிந்தபடியே வரிசையைத் தாண்டி வெளியே ஓடினாள். கதவில் காதை வைத்திருந்த கணவனின் மூக்கில் கதவு மோதியது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மூக்கைத் தடவிக்கொண்டே அவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"எங்கம்மாவை அரக்கியாக்கிட்டியா?"

"வேணும்னு செய்யலைங்க."

"தெரியாம செஞ்சாலும் மன்னிக்க மாட்டாங்க. அந்தப் பல் டாக்டர் பேசினதுக்கே இன்னும் கைதட்டிட்டிருக்காங்க."

அவள் அழாத குறையாகச் சொன்னாள், குரல் போனதும் கிண்டல் செய்கிறார்கள் என்று அத்தை ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார், இதைக் கேட்டால் இந்த ஜன்மத்தில் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று. அவனும் யோசித்தான். தியேட்டர்களுக்குப் படம் அனுப்பும் லேபுக்குச் சொன்னால் அசல் உறுமலோடு கடைசி ரீலைக் கம்ப்யூட்டர் வழியாகவே திரும்ப அனுப்பிவிடுவார்கள். சாயங்கால ஆட்டத்துக்குள் எல்லாத் தியேட்டரிலும் மாற்றிவிடலாம். இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள் அவள்.

அவன் போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்து கதவுகள் திறந்தன.

முதலில் வெளியே வந்தவர் அந்த ஃபிரிட்ஜ் ஆசாமி. கண்ணெல்லாம் சிவந்து, பனியனைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக இயக்குநரிடம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உன்னைத் திட்டணும்னே டிக்கெட் எடுத்தேன். அந்தக் கடைசிச் சத்தம் வந்துதே, எங்கம்மா என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். பின்னால் வந்த கூட்டத்திலும் இதே பேச்சுதான். அரக்கி அழகாக இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை, கதை புதுமை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைசி உறுமலைக் கேட்டீர்களா, நெஞ்சே நின்றுவிட்டது என்றுதான் சொன்னார்கள். சிலர் படிக்கட்டில் நின்று அதைக் கத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இது இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இழுத்தான். மருமகள் அவன் பையிலிருந்து போனை எடுத்து அவன் கையிலேயே திணித்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அத்தையைவிட ஓர் உறுமல் எனக்குப் பெரிதில்லை, மாற்றச் சொல்லுங்கள் என்றாள். அவள் அப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை. உடனே லேபுக்குப் போன் போட்டான்.

அந்த வேலைக்காக மகன் தியேட்டரிலேயே தங்கிவிட்டான். வீடு திரும்பும் வாடகைக் காரில் அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. மாமனார் பின் சீட்டில் எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மருமகள் முறைப்பதும் அவர் மூடிக்கொள்வதுமாகவே வீடு வந்துவிட்டது. அத்தை நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். மாமனாரும் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"கண்டுபிடிச்சிருப்பாங்களா மாமா?"

"நானே கண்டுபிடிச்சுட்டேன். அவளுக்குத் தெரியாதா?"

அத்தை கேட்டால் என்ன சொல்வது என்று அவள் ஒரு பொய் தயார் செய்துகொண்டாள். அது பத்து மிருகங்களின் குரலைச் சேர்த்துச் செய்தது, தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

உள்ளிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது.

அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அது நான்தானே?" என்றார் அத்தை. அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. பக்கத்தில் போனால்தான் கேட்டது.

தயார் செய்து வைத்திருந்த பொய், சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது. ஆமாம் என்று தலையாட்டினாள். அப்புறம் டம்மி, கட்டளை, பெயர் வைக்கக் கை வராதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அன்று பல் டாக்டர் பேசிய போது சிரித்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். சாயங்கால ஆட்டத்துக்குள் அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள், இனி யார் காதிலும் விழாது என்றாள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எப்போ பிடிச்சே அதை?"

கல்யாணமான புதிதில் வேறொரு படத்துக்காகத் தண்ணீர்ச் சத்தம் பதிய அவள் குளத்துக்குப் போயிருந்தாள். காதில் ஹெட்ஃபோன், கையில் மைக். மைக்கிலேயே கண்ணாக, பின்பக்கமாகவே நடந்து, ஆழமான பக்கத்தின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு காலைத் தூக்கியும் விட்டாள். அப்போதுதான் எதிர்க் கரையிலிருந்து அத்தை கூப்பிட்டார். ஹெட்ஃபோன் வழியாக அது மண்டைக்குள்ளேயே வெடித்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

அத்தைக்கும் அது நினைவு வந்தது. "ஊர் முன்னாடி திட்டிட்டேன்னு நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தே."

"ஆமா அத்தை. அப்புறம் ஒரு நாள் அதை மெதுவாக்கி ஓடவிட்டேன். மெதுவாக்கினாத்தான் சத்தத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். அதுல கோபமே இல்ல. உச்சியில ஓர் இடத்துல உங்க குரல் உடையுது. நீங்க நடுங்கிப் போயிருந்தீங்க. எனக்காக அப்படி யாரும் பயந்ததில்ல அத்தை. அதான் குட்டியைக் கூப்பிடற இடத்துல போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். உட்கார வைத்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார், தண்ணீரிலிருந்து ஏறி வந்த பிள்ளைகளைத் துடைக்கிற மாதிரி அழுத்தி, மூக்கு சிவக்க.

"பல் டாக்டருக்கு ஒரு டிக்கெட் எடு" என்றார். "முதல் வரிசையில."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். கதவுக்கு வெளியே மாமனாரும் சிரிப்பது கேட்டது. ஒட்டுக் கேட்பது அந்தக் குடும்பத்து ஆண்களின் பரம்பரைப் பழக்கம் போலிருக்கிறது.

அத்தை தொண்டையைத் தடவிக்கொண்டார். பேசப் பேச வலித்தது, ஆனால் நிறுத்தவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் அது செத்துப்போச்சுன்னே நினைச்சேன். யாருக்கும் அது வேண்டாம்னும் நினைச்சேன். இன்னிக்கு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியே ஆடுது. அத்தனை பேர் அழறாங்க. அதை எதுக்கு எடுக்கணும்? எடுக்காதே."

மருமகள் துள்ளி எழுந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் பெருமையோடு ஆரம்பித்தான். நீ சொன்னாய், நான் முடித்துவிட்டேன், புது ரீல் எல்லாத் தியேட்டருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, பழையதை அழித்துவிட்டு இதைப் போடும்படி ஒவ்வொருவரிடமும் நானே பேசிவிட்டேன், இனி அம்மாவின் குரல் எங்கேயும் இருக்காது என்றான்.

திரும்பப் பழையதையே போட வேண்டும் என்றாள். விளையாடுகிறாயா என்று அவன் கத்தினான். மறுபடி அனுப்ப முடியாது, லேபில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், ஆட்டம் தொடங்கப் போகிறது, ஒவ்வொரு தியேட்டராகக் கெஞ்ச வேண்டும், பழையதை யார் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்களோ கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

அத்தை கையை நீட்டினார். மருமகள் போனைக் கொடுத்தாள்.

அத்தை அதை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். அந்தக் காகித முனகலில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அம்மா பேசறேன்டா. அது என் குரல். எனக்கு வேணும். திருப்பிப் போடு."

மறுமுனையில் நாற்காலி ஒன்று விழும் சத்தமும், யாராவது வண்டியை எடுங்கள் என்று அவன் கத்திக்கொண்டு ஓடும் சத்தமும் கேட்டன.

அத்தை போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய், சாயங்கால ஆட்டத்துக்குக் கிளம்ப, செருப்பை மாட்டத் தொடங்கினார்.